கேம்பர் வண்டியை ஓட்டிப் பார்த்தால் போதாது, ஒரு ராத்திரி தூங்கிப் பார்க்க வேண்டும்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். நாலு பேர் தங்கக்கூடிய, ரோடு இல்லாத மண்ணிலும் ஓடுகிற ஆஃப்ரோடு கேம்பர் ஒன்றை வாங்க நினைக்கிறீர்கள். ஃபோர் வீல் டிரைவ் பிக்அப் மேல் பாடி கட்டி, உள்ளே படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, ஏ.சி. எல்லாம் வைத்தது. விலை நாற்பது லட்சத்தைத் தாண்டுகிறது. கட்டிக் கொடுப்பவர்கள் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கத் தருகிறோம் என்கிறார்கள். வீடு கொளத்தூரில். அந்த ஒரு நாளில் எதைப் பார்ப்பது, எங்கே கொண்டுபோய்ப் பார்ப்பது, முழங்கால் வலி உள்ள அம்மா இதில் வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஒரு நாளை மாற்றுங்கள். ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுநாள் மதியம் வரை வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு வாடகை கேட்டால் யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள். கார் வாங்கும்போது ஷோரூமிலிருந்து அடுத்த சிக்னல் வரை போய்த் திரும்புவோமே, அந்தச் சுற்று இதற்கு எந்த விதத்திலும் உதவாது. லாரி மேல் ஏற்றிய ஒரு சின்ன வீட்டை வாங்கப் போகிறீர்கள். அந்த வீடு குலுங்கும்போது என்ன ஆகிறது, இரவு இரண்டு மணிக்கு உள்ளே எப்படி இருக்கிறது, இந்த இரண்டும் தெரியாமல் பணம் கொடுக்கக் கூடாது.

நான் இருபத்தாறு வருஷம் எண்ணூர்ப் பக்கம் லாரி சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம் செய்கிற வேலையில் இருந்தவன். பிறகு மாதவரத்தில் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மேற்பார்வை. போன மே மாதம், நீங்கள் சொல்கிற மாதிரியே ஒரு வண்டியை மீஞ்சூர் நண்பர் ஒருவருக்காக இரண்டு ராத்திரி வைத்திருந்து பார்த்தோம். யார் கட்டியது என்று சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு ஒருத்தர் தொழிலையே எடைபோடுவது நியாயமில்லை.

நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கிற வேன்தான் நினைவுக்கு வரும். அது தார் ரோட்டில் வந்து, ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று, சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பிவிடும். ஆஃப்ரோடு கேம்பருக்கு அந்த வசதி கிடையாது. கரண்டும் தண்ணியும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும், கழிவும் அதற்குள்ளேயே தங்க வேண்டும். இத்தனையையும் சுமந்துகொண்டு மேடு பள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது. வசதி கூடக் கூட எடை கூடும், எடை கூடக் கூட மண்ணில் ஓடுகிற திறன் குறையும். இதைச் சரிக்கட்டுவதில்தான் கட்டுகிறவரின் கைத்திறன் தெரியும்.

நீங்கள் வீடியோவில் பார்த்த அந்தப் பெரிய வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் எர்த்ரோமர், ஃபோர்டு எஃப்-550 லாரி சேசிஸ் மேல் கட்டுவது. ஜெர்மனியின் யூனிகாட் போன்றவர்கள் மெர்சிடிஸ் யூனிமோக் மேலும் மற்ற கனரக ஃபோர் வீல் டிரைவ் லாரிகள் மேலும் கட்டுகிறார்கள். யூனிமோக் முதலில் விவசாயிக்காகப் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு வடிவமைத்தார்கள். இரண்டு வரிசை உருளைக்கிழங்குச் செடிக்கு நடுவே சக்கரம் போக வேண்டும் என்று சக்கரங்களுக்கு இடையே 1,270 மில்லிமீட்டர் அகலம் வைத்தார்கள். அதன் அச்சு சக்கரத்தின் நடுப்புள்ளிக்கு மேலே இருக்கும். சக்கரத்துக்குள் தனியாக ஒரு பல்சக்கர ஜோடி வைத்து சக்தியைக் கீழே இறக்குவார்கள். அதனால்தான் பாறை மேல் போனாலும் அடிவயிறு இடிப்பதில்லை. ஆனால் அந்த மாதிரி வண்டியை வரவழைத்து இங்கே வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இறக்குமதி விதிப்படி வலது பக்க ஸ்டீயரிங் கட்டாயம். வெளிநாட்டுப் பயணிகள் இடது பக்க ஸ்டீயரிங்கோடு ஓட்டி வருவதெல்லாம் கார்னே என்ற சுங்கப் பத்திரத்தின் பேரில். குறிப்பிட்ட காலத்துக்குள் திருப்பிக் கொண்டுபோய்விட வேண்டும்.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம். இந்தியாவில் இந்த வேலைக்கு அடிப்படையாக அகப்படுவது இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்ஸ் கூர்க்கா போன்றவை. வி-கிராஸ் நமக்குப் பக்கத்திலேயே, தடாவைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. கூர்க்காவுக்கு முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல் லாக், அதாவது ஒரு சக்கரம் சும்மா சுழன்றாலும் அடுத்த சக்கரத்துக்குச் சக்தி போகவைக்கிற பூட்டு, கம்பெனியிலிருந்தே வருகிறது. எதுவானாலும் பரவாயில்லை. பிரச்சினை பெரும்பாலும் மேலே ஏற்றுகிற பாடியில்தான்.

வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலை, நேராக எடை மேடைக்குப் போங்கள். இதற்கு வடசென்னையை விட நல்ல இடம் கிடைக்காது. மாதவரம், மணலி, டி.பி.பி. ரோடு, எண்ணூர் பக்கமெல்லாம் கண்டெய்னர் லாரிகளுக்காக எடை மேடைகள் வரிசையாக இருக்கின்றன. சின்னத் தொகையில் சீட்டு கொடுத்துவிடுவார்கள். நாங்கள் செய்தது இது. டீசல் டேங்க் நிறைய, தண்ணித் தொட்டி காலி, ஆள் யாரும் இல்லை. 2,790 கிலோ காட்டியது. ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்த மொத்த எடை 3,050. அதாவது இனிமேல் ஏற்றக்கூடியது வெறும் 260 கிலோ.

இப்போது கணக்குப் போடுங்கள். தொட்டியில் 90 லிட்டர் தண்ணி, அது 90 கிலோ. நாலு பேர் 270 கிலோ. துணிமணி, அரிசி பருப்பு, பாத்திரம், மடக்கு நாற்காலி எல்லாம் சேர்த்து 60 கிலோ. ஆக 420. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திரும்பவும் மேடையில் நிறுத்தினோம். 3,210. வரம்பைத் தாண்டி 160 கிலோ. கட்டிக் கொடுத்தவர்கள் அனுப்பியிருந்த பையன் அந்தச் சீட்டைக் கையில் வாங்கி, இரண்டு தடவை படித்துவிட்டு, "அண்ணே, இதை எங்க ஓனரும் ஏத்திப் பார்த்ததில்லை" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் பலரும் காலி வண்டியைத்தான் எடைபோடுகிறார்கள்.

அதோடு விடாதீர்கள். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி இன்னொரு சீட்டு வாங்குங்கள். எங்களுக்கு முன்பக்கம் 1,130 வந்தது. மொத்தத்திலிருந்து கழித்தால் பின் அச்சில் 2,080. கம்பெனி அந்த அச்சுக்குக் கொடுத்திருந்த வரம்பு 1,900. தண்ணித் தொட்டியையும் பேட்டரியையும் பின் சக்கரத்துக்கும் பின்னாலே வைத்துவிட்டதுதான் காரணம். பின்னால் பாரம் அதிகமானால் முன் சக்கரம் லேசாகும். ஸ்டீயரிங் மிதக்கிற மாதிரி இருக்கும், ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் நிற்காமல் இழுக்கும். அடியில் இருக்கிற ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது என்பார்கள். பட்டை சேர்த்தால் வண்டி உட்காராது, அவ்வளவுதான். அச்சின் வலுவும் பிரேக்கின் வலுவும் அதே இடத்தில்தான் நிற்கும். அதை நம்பி அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள். பாரம் ஏற்றிய சீட்டு ஆர்.சி. வரம்புக்குள் வரவில்லை என்றால், அழகு எவ்வளவு இருந்தாலும் அந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

எடை சரியாக வந்ததென்றால் அடுத்தது மண். மீஞ்சூர் தாண்டி காட்டூர், பழவேற்காடு போகிற வழியில் சவுக்குத் தோப்புகள் நிறைய. தெரிந்தவர் தோப்பாகப் பார்த்து, கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். மணலும் இருக்கும், வரப்பும் இருக்கும், மரத்துக்கு நடுவே திருப்புகிற பழக்கமும் வரும்.

கடற்கரைக்குப் போகாதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுகிற காலம். மணலுக்குள் ஓர் அடி, ஒன்றரை அடியில் முட்டை இருக்கும், மேலே எந்த அடையாளமும் தெரியாது. மூன்று டன் வண்டி ஒரு முறை மேலே போனால் போதும். மற்ற மாதங்களில் அந்தக் கரையில் வலையும் படகும் காய்கின்றன. அது மீனவர்கள் பிழைக்கிற இடம். பழவேற்காடு ஏரிக்குள் பறவைகள் சரணாலயமும் இருக்கிறது. பூநாரை இறங்கியிருக்கிற நேரத்தில் கரையில் நின்று பார்ப்பதே பெரிய பேறு, வண்டியை இறக்க வேண்டாம்.

இன்னொரு இடத்தையும் தவிருங்கள். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி பக்கத்து உப்பளங்களும் கழிமுக ஓரமும். மேலே வெயிலில் காய்ந்து, தட்டு மாதிரி வெடித்திருக்கும். பார்த்தால் கெட்டித் தரை என்றுதான் தோன்றும். கீழே முழங்கால் அளவு களி. ஜீப் தாண்டிவிடும், உங்கள் வண்டி தட்டை உடைத்துக்கொண்டு அச்சு வரை இறங்கும். டிராக்டர் வந்தாலும் அதுவும் கூடச் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

மணலுக்குள் இறங்குமுன் டயர் காற்றைக் குறைக்க வேண்டும். ரோட்டில் 45 வைத்திருந்ததை நாங்கள் 20-க்குக் கொண்டுவந்தோம். காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் பரவி, மணலை வெட்டாமல் மேலே மிதக்கும். முதல் முறை வேண்டுமென்றே குறைக்காமல் விட்டுப் பார்த்தோம். இருபதடி போனதும் பின் சக்கரம் சுழன்று குழி பறித்துவிட்டது. மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் சரிவாகச் சீவிவிட்டு, நாலு டயரிலும் காற்றை இறக்கி, லோ கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் விட்டதும், ஏதோ கையைக் கொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி எழுந்து வந்தது. இதை நீங்களே உங்கள் கையால் செய்து பாருங்கள். அவர்கள் டிரைவர் செய்து காட்டுவதில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. திரும்பி ரோட்டுக்கு வருமுன் காற்றை ஏற்றியே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கும். வண்டியிலேயே கம்ப்ரஸர் இருக்கிறதா, நாலு டயரை நிரப்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று நேரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிக்அப்கள் பலவற்றில் ஃபோர் வீல் டிரைவை மண்ணில்தான் போட வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் போட்டு வளைத்தால் முன்னும் பின்னும் இழுபட்டு கியர் பகுதி முறுக்கிக்கொள்ளும். கொடுக்கிறவரிடம் இதை ஒரு கேள்வியாகக் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், அவர் தன் வண்டியை மண்ணில் ஓட்டியதில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இப்போது சொல்லப்போவதுதான் சேசிஸ் வேலை செய்தவன் என்ற முறையில் நான் மிகவும் வற்புறுத்துகிற சோதனை. முன்பக்க இடது சக்கரத்தை ஒரு வரப்பில் ஏற்றுங்கள். அதே நேரம் பின்பக்க வலது சக்கரமும் ஒரு மேட்டில் இருக்க வேண்டும். எதிரெதிர் மூலை இரண்டும் மேலே, மற்ற இரண்டும் கீழே. மேடு ஓர் அடி உயரம் இருந்தால் போதும். வண்டியை அப்படியே நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்து மூடுங்கள். உள்ளே ஒவ்வொரு அலமாரிக் கதவையும், ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடுங்கள்.

ஏன் என்றால், பிக்அப்பின் சேசிஸ் இரண்டு நீள இரும்புகளும் குறுக்குக் கட்டைகளும் சேர்ந்த ஏணி. மேடு பள்ளத்தில் அது முறுக்கிக்கொடுக்கும், கொடுக்கத்தான் வேண்டும். மேலே இருக்கிற பெட்டியோ தீப்பெட்டி மாதிரி விறைப்பானது. இரண்டையும் நாலு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால், ஏணி முறுக்கும்போதெல்லாம் பெட்டியும் முறுக்கியாக வேண்டும். முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மழைக்கு மூலையில் அடைத்திருக்கிற சிலிகான் பசை பிரிந்துபோய், தண்ணி உள்ளே இறங்கும். பெட்ரோல் டேங்கர் லாரியின் முன்பக்கத்தில் போல்ட்டோடு ஸ்பிரிங் போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஸ்பிரிங் இதற்காகத்தான், சேசிஸ் முறுக்கட்டும், டேங்க் முறுக்கக் கூடாது. நல்ல கேம்பரில் மூன்று புள்ளியிலோ, நாலு புள்ளியில் அச்சாணி வைத்தோ, ஸ்பிரிங் வைத்தோ பெட்டியைத் தாங்கியிருப்பார்கள். படுத்துக் கீழே எட்டிப் பார்த்தாலே தெரியும்.

நாங்கள் பார்த்த வண்டியில் வாசல் கதவு திறந்தது, ஆனால் மூடவில்லை. தாழ்ப்பாளின் நாக்கு, நுழைய வேண்டிய பள்ளத்துக்கு ஒரு விரல் அகலம் கீழே நின்றது. சமையல் மேடைக்கு மேலிருந்த அலமாரியின் கண்ணாடிக் கதவில் "டிக்" என்று ஒரு சத்தம். நண்பர் பதறிக் கையை வைத்துத் தாங்கிக்கொண்டார். சமதரைக்கு வந்ததும் எல்லாம் பழையபடி அழகாக மூடிக்கொண்டது. ஷோரூமில் நின்று பார்த்திருந்தால் எத்தனை நாள் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

அப்புறம் ராத்திரி. மே மாதம், மீஞ்சூர், அலைகூட இல்லாத கடல், காற்றே இல்லாத புழுக்கம். உங்கள் சோதனையையும் முடிந்தால் அந்த மாதிரி நாளில் வையுங்கள். மார்கழியில் எந்தப் பெட்டியும் சொர்க்கமாகத்தான் இருக்கும்.

கரண்டை நம் ஈ.பி. கணக்கில் யூனிட்டாகவே பேசுவோம், புரிவது சுலபம். 12 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி என்றால் சுமார் இரண்டரை யூனிட். முக்கால் டன் ஏ.சி. சராசரியாக 600 வாட் எடுத்தால் ஒரு மணிக்கு 0.6 யூனிட். நாலு மணி நேரம் ஓடினாலே பெரிது. நாங்கள் ஒன்பதே முக்காலுக்குப் போட்டோம். ஒன்றரை மணிக்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்து இன்வெர்ட்டர் நின்றுவிட்டது. ஃப்ரிட்ஜையும் அதே பேட்டரிதான் தாங்குகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். விடிய விடிய ஏ.சி. வேண்டும் என்றால் குறைந்தது ஐந்து, ஐந்தரை யூனிட் சேமிப்பு வேண்டும். பணத்தைப் பார்த்து சாதாரண லெட் ஆசிட் பேட்டரிக்குப் போனால், அதில் பாதிதான் பயன்படுத்தலாம், அதற்குமேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். அந்த இரண்டரை யூனிட்டுக்கே வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி மூன்று தேவைப்படும். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல். அந்த எடை மேடைச் சீட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

சோலார் இருக்கிறதே என்பார்கள். கூரையில் 400 வாட் பேனல் படுக்கைவாக்கில் கிடந்தால், நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு யூனிட் வரும். நல்லதுதான், ஆனால் வண்டி வெயிலில் நிற்க வேண்டும். நிழலில் நிறுத்தினால் உள்ளே குளிர்ச்சி, பேட்டரிக்குப் பட்டினி. வெயிலில் நிறுத்தினால் நேர்மாறு. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் இன்னொன்றும் உண்டு. அனல் மின் நிலையச் சாம்பல் இரண்டே நாளில் பேனல் மேல் படிந்துவிடும், துணியை நனைத்துத் துடைத்தால்தான் போகும். ஏணி போட்டு ஏற முடியாத இடத்தில் பேனல் இருந்தால் அது வருஷத்தில் பாதி நாள் பாதி வேலைதான் செய்யும். ஓடும்போது இன்ஜினிலிருந்து சார்ஜ் ஆக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் இரண்டரை யூனிட் ஏற ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்.

ஏ.சி. நின்ற பிறகு என்ன ஆகிறது என்பதுதான் பாடியின் உண்மையான சோதனை. தூங்குவதை நிறுத்திவிட்டு, வெப்பமானியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். நல்ல சாண்ட்விச் பேனல், அதாவது இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே நாற்பது, ஐம்பது மில்லிமீட்டர் ஃபோம் வைத்தது, மெதுவாகத்தான் சூடேறும். இரும்புச் சட்டம் போட்டு உள்ளே தெர்மோகோல் திணித்தது பத்து நிமிஷத்தில் அடுப்பாகிவிடும். மேலே காற்றை இழுத்து வெளியே விடும் ஃபேன், இரண்டு பக்கமும் கொசுவலையோடு திறக்கிற ஜன்னல், இவை இரண்டும் இருந்தால் ஏ.சி. இல்லாமலே விடிகாலை ஒரு தூக்கம் போடலாம். கொசுவலை அசல் வேலை செய்கிறதா என்பதைக் கழிமுகத்துக் கொசு சொல்லிவிடும்.

விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்ததும், விளக்கைப் போடுமுன் சுவர் மூலைகளையும் ஜன்னல் சட்டத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். உள்ளே குளிரும் வெளியே புழுக்கமும் சந்திக்கிற உலோகத்தில் தண்ணி கோத்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் தலைமாட்டு மெத்தையைத் தூக்கினேன், அடிப்பலகை முழுவதும் சட்டினிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஈரம். ஒரு மழைக்காலம் போனால் அங்கே பூஞ்சணம் நிச்சயம். மெத்தைக்கு அடியில் காற்று போக இடைவெளி வைக்கவில்லை. இது திருத்தக்கூடிய குறை. ஆனால் பணம் கொடுக்குமுன் சொன்னால்தான் திருத்துவார்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூக்கத்திலேயே முடிந்துவிடும். ராத்திரி பேட்டரி தீர்ந்ததும், "சின்ன ஜெனரேட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்களேன்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். வண்டியோடு சேர்ந்த ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குவதும் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கை பக்கத்தில் இருக்க வேண்டும், நீங்கள் பட்டனை அழுத்தி அது கத்துவதைக் கேட்க வேண்டும். சமையலுக்கு காஸ் வைத்திருந்தால், எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் இருக்கிற அறைக்குத் தரையிலேயே வெளிப்பக்கமாகத் துளை வேண்டும், அந்த அறை படுக்கைப் பகுதியோடு சேர்ந்திருக்கக் கூடாது. என்னைக் கேட்டால் இண்டக்ஷன் அடுப்பே போதும்.

கழிப்பறை பற்றிச் சுருக்கமாக. கீழே இழுத்து எடுக்கிற பெட்டி வைத்த வகைதான் பெரும்பாலும் வைக்கிறார்கள், கொள்ளளவு இருபது லிட்டருக்குள். நாலு பேருக்கு இரண்டு நாள். அதைக் காலி செய்ய வெளிநாட்டில் முகாம்தோறும் இடம் உண்டு, இங்கே நீங்கள்தான் ஒரு கழிப்பறையைத் தேடிக் கொட்ட வேண்டும். ஓடையிலோ ஏரிக்கரையிலோ கொட்டுவதாக இருந்தால் இந்த வண்டியே வேண்டாம். சோதனையின்போது அந்தப் பெட்டியை நீங்களே ஒரு தடவை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப மாட்டுங்கள். வீட்டில் யார் செய்யப் போகிறார்கள் என்பதும் அன்றைக்கே முடிவாகிவிடும்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரையின் ஏ.சி., சோலாரோடு சேர்த்துத் தரையிலிருந்து உயரம் எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து, ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். நம் பக்கம் ரயில் பாதைக்கு அடியில் போகிற சப்வேக்கள் அதிகம், முகப்பில் உயரம் எழுதியிருக்கும். வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயில் மழை பெய்தால் தண்ணி நிற்பது உங்களுக்கே தெரியும். 700 மில்லிமீட்டர் தண்ணியில் போகும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி அந்தத் தண்ணிக்குள் இறங்காதீர்கள், அடியில் மூடி இல்லாத குழி இருந்தால் எந்த ஃபோர் வீல் டிரைவும் காப்பாற்றாது. கொளத்தூர்த் தெருக்களில் தொங்குகிற கேபிளையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் அதை நிறுத்த இடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. அதை முதலில் யோசியுங்கள். பழவேற்காடு போய்வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணியில் கழுவ வேண்டும். உப்பு பட்டைகளுக்கு இடையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பத்திர விஷயம் கொஞ்சம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால் வண்டியை பிக்அப்பாகப் பதிந்துவிட்டு, பின்னால் நிரந்தரமாகப் பெட்டி கட்டிக்கொள்வது சிக்கல். மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரவிதி இருக்கிறது. அதன்படி ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களா, ஆர்.சி.யில் கேம்பர் வேன் அல்லது கேரவன் என்று வருமா, இன்ஷூரன்ஸ் அந்தப் பெயரிலேயே கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம். லைசென்ஸ் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் உங்கள் எல்.எம்.வி., அதாவது கார் ஓட்டுகிற லைசென்ஸே போதும்.

வாங்கலாமா என்று நேராகக் கேட்டால், வருஷத்துக்கு நாற்பது ஐம்பது ராத்திரி இதில் தங்கப் போகிறவர் வாங்கலாம். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டும் என்றால் வாடகைக்கு எடுங்கள். மிச்சப் பணம் உங்கள் பிள்ளைகள் படிப்புக்கு ஆகும். எங்கள் மீஞ்சூர் நண்பர் வாங்கவில்லை. ஆசை விட்டுப்போய் இல்லை, தண்ணித் தொட்டியையும் பேட்டரியையும் சக்கரங்களுக்கு நடுவே மாற்றி, பெட்டியை ஸ்பிரிங்கில் உட்கார வைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்களும் செய்கிறோம் என்றிருக்கிறார்கள்.

அம்மா விஷயம். பெட்டியின் தரை, மண்ணிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் குறையாது. மடக்குப் படிகள் பெரும்பாலும் செங்குத்தாக, கைப்பிடி இல்லாமல் இருக்கும். வண்டி வீட்டு வாசலுக்கு வந்ததும், எடை மேடைக்குப் போவதற்கும் முன்னால், அம்மாவைப் படியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். யாரும் கைகொடுக்காமல், மூன்று தடவை. மூன்றாவது தடவை கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்களானால், படியை மாற்றி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துத் தரச் சொல்லுங்கள். உள்ளே படுக்கை ஏணி போட்டு ஏறுகிற உயரத்தில் இருந்தால் அது அம்மாவுக்கு ஆகாது. சோபாவை விரித்துப் போடுகிற கீழ்ப்படுக்கைதான் வேண்டும், ராத்திரி அவர்கள் எழுந்து கழிப்பறைக்குப் போகிற வழியில் வேறு யார் காலும் குறுக்கே இருக்கக் கூடாது. தேதி முடிவானதும் சொல்லுங்கள், மாதவரம் எடை மேடைக்கு நான் டேப்போடு வந்துவிடுகிறேன்.